பம்ப் இருக்கா என்று கேட்டேன்

இன்று கிளினிக் நாள். மழையில் நனைந்து வந்த பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குகளை அவிழ்த்து வாசல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஈரச் சாக்கும் தேயிலைச் சாறும் கலந்த வாடை உள்ளே வந்ததும், பெயர் பதிந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. மலையிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் உன்மேல் இதே வாடைதான். நீ போய் இது இரண்டாவது மார்கழி.

ஒரே லயத்து வரிசை வீடுகளில், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்கள் நாம். நீ கொழுந்து எடுக்கப் போனாய். முழங்கால் போன பிறகு நான், பசறையிலிருந்து பதினைந்து நாளைக்கொரு தரம் வரும் கிளினிக்குக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். குளிர் தொடங்கினால் சுவர் வழியே உன் இழுப்புச் சத்தம் கேட்கும். "கிளினிக்குக்கு வா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். "வரணும்" என்பாய். வரமாட்டாய்.

ஒரு நாள் காலைப் பெரட்டில் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபோது நர்ஸம்மா வந்து, பனிக்காலத்தில் நெஞ்சுச் சளியை அசட்டையாக விடக்கூடாது என்று பேசினார். நீ வரிசையிலிருந்து முன்னால் வந்தாய்.

"நீங்க பத்து மணிக்கு வர்றீங்கம்மா. அந்நேரம் நாங்க மலையில நிக்கிறோம். எறங்கி வந்தா அரைப்பேருதான், பாதிச் சம்பளந்தான். அப்ப யாருக்குங்க இந்தக் கிளினிக்கு?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரும்பும் வழியில், "ஒனக்கு எதுக்கு இந்த வாயி?" என்று கேட்டேன்.

"ஒனக்குக் காலு வலிச்சுச்சு, ஒக்காந்துக்கிட்ட. எனக்கு மூச்சு முட்டுனா நான் எங்க ஒக்கார்றது?"

அதன்பிறகு பத்து நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த முறை கிளினிக் வாகனம் மாலை நான்கு மணிக்கு வந்தது. கொழுந்தை எடை போட்டுவிட்டு இறங்கி வந்தவர்களில் நீதான் முதல் ஆள். நர்ஸம்மா உன் கையில், இழுப்புக்கு வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்பைக் கொடுத்து, எப்படி இழுப்பதென்று மூன்று தரம் செய்து காட்டினார். அடுப்புப் புகையும் ஆகாது என்றார். அந்த வாரமே அடுப்பை வெளி இஸ்தோப்புத் திண்ணைக்கு மாற்றிவிட்டாய். அந்தக் குளிரில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. "மார்கழியில நான் இப்பிடித் தூங்குனதே இல்ல புள்ள" என்றாய்.

மறுவருஷம் மழை விடவே இல்லை. பசறைப் பாதையில் மண் சரிந்தது. இரண்டு முறை கிளினிக் வரவில்லை. கையிலிருந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு லயம் லயமாக நடந்தேன். கால் வீங்கி, தொப்பலாக நனைந்து உன் வாசலுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

"பம்ப் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நீ போயிப் படு. ஒன் மொகத்தப் பாரு."

போய்விட்டேன். உள்ளே வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது படுத்தால் போதும் என்றிருந்தது.

மூன்றாம் நாள் காலை, மூச்சு விட முடியாமல் கிடந்த உன்னை லொறியில் ஏற்றினோம். சரிவுவரை லொறி, அதன்பிறகு தோளில். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே உன் கை குளிர்ந்துவிட்டது.

கருமாதி முடிந்தபிறகு உன் மகள் பம்பை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க வந்து கேட்டன்னிக்கே இது முடிஞ்சு ஒரு வாரம் பெரியம்மா. சொன்னா பெரியம்மா அந்தக் காலோட, சரிஞ்ச மண்ணுக்கு மேல ஏறிப் பசறைக்கு வாங்கப் போயிரும், சொல்லாதடின்னு அம்மா சொல்லுச்சு."

நீ நினைத்தது சரி. நான் போயிருப்பேன். அதை நினைத்தால் இன்னும் உன்மேல் கோபம் வருகிறது. கோபம் தணிந்ததும், வாசலோடு திரும்பிய என்மேல் வருகிறது. இரண்டையும் சுமந்துகொண்டுதான் மேட்டில் ஏறுகிறேன்.

இந்த வருஷம் மழைக்கு முன்பே எல்லா லயத்துக்கும் போய்வந்தேன். மேல் லயத்துப் பெரியவர் வாசலிலேயே, "இருக்கு தாயி, நீ போ" என்றார்.

"எடுத்துட்டு வாங்க, பாப்போம்."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வந்தார். வாங்கி அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. எத்தனை நாளாக வெறும் பம்பை இழுத்துக்கொண்டிருந்தாரோ, அவருக்கே தெரியவில்லை.

"நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றார். வானம் கறுத்திருந்தது. எனக்கும் நாளைக்கு என்றால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கீழே கிளினிக் அறையிலிருந்து புதியதை எடுத்துவர அந்த இறக்கத்தில் மறுபடியும் இறங்கினேன்.