மூன்றாவது மைக்கும் நல்ல மைக்தான்

மேட்டுப்பட்டி,
திண்டுக்கல்.
ஜனவரி 8

மதிப்புக்குரிய கணவர் கிளெமென்ட் அவர்களுக்கு,

உங்கள் மனைவி அமலி எழுதுவது. வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுத இங்கே என்னைத் தவிர யாரும் இல்லை, நான் நலமாகவும் இல்லை. போர்ட் பிளேயரில் நீங்கள் நலமாக இருப்பீர்கள். இருங்கள்.

செல்போன் இருக்கும்போது இவள் எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் என் குரலைக் கேட்பீர்கள், கேட்டுவிட்டு மறுபடியும் பொய் சொல்வீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரவில்லை. மைக் வந்தது. பாட்டுப் பதிவு செய்கிற இடத்தில் பாடகர்கள் முன்னால் தொங்குமே, அந்த மாதிரி ஒரு தடி மைக், பஞ்சு உறையோடு. என் தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் அனுப்பியதில் இது மூன்றாவது. முதலில், உன் ரேடியோ செட்டின் கை மைக் பழசாகிவிட்டது, சத்தம் கனத்துக் கேட்கிறது என்று சொல்லி மேஜை மைக் அனுப்பினீர்கள். அது சரிப்படவில்லை என்றதும் தலையில் மாட்டுகிற மைக். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கே சிரிப்பு வரும், விமானம் ஓட்டப் போகிறவள் மாதிரி.

ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாதம் செய்தோம். அமெச்சூர் ரேடியோவுக்குப் பாட்டு மைக் எதற்கு, பேச்சு இரைச்சலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் போதும், அடிக்குரலைக் குறைத்து மேலே தூக்கிக் கொடுக்கிற மைக்காகப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். நீங்களும் ஆமாம் அமலி, அப்படியே பார்ப்போம் என்று படம் படமாக அனுப்பினீர்கள். விலை பார்த்தீர்கள், மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துச் சொன்னீர்கள். நான் மாடி அறையில் உட்கார்ந்து குமிழ்களைத் திருகித் திருகி விரல் வலிக்க, எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று காலையில் கேட்டுக்கொண்டே இருப்பேன். நீங்கள் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு ஃபைவ் நைன் என்பீர்கள். உங்களுக்குப் பின்னால் நம் ரேடியோ சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அதையே சொல்வார்கள்.

ஃபைவ் என்றால் என்ன என்று உங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டில் முதலில் லைசென்ஸ் வாங்கியவள் நான். முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கு, ஐந்துக்கு ஐந்து என்றால் ஒரு சொல்கூட விடாமல் புரிகிறது. இரண்டாவது எண் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதற்கு. நம் ஆட்களுக்கு மரியாதைக்காக எல்லாருக்கும் ஃபைவ் நைன் கொடுத்துப் பழக்கம், தெரியும். மனைவிக்கும் அந்த மரியாதைதானா?

என்ன நடந்தது என்று சொல்கிறேன். புத்தாண்டுக்கு மறுநாள், சங்கத்தார் ரேடியோவில் கூடிப் பேசுகிற நெட் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு புதுப் பையன் கூப்பிட்டான். குஜிலியம்பாறை பழனிக்குமார். லைசென்ஸ் வந்து பத்து நாள்கூட ஆகவில்லையாம். நான் பெயர் சொன்னேன், அவனுக்குப் பிடிபடவில்லை. புது மைக் எப்படி என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஐயா, சிக்னல் அம்புட்டு பலமா வருதுய்யா. பேச்சுத்தான் பாதி புரியல. தொண்டைக்கு முடியலையாய்யா?"

அவனுக்குச் சொல்லிவைக்க எல்லாரும் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு அவன்மேல்தான் முதலில் கோபம் வந்தது. ஐயாவாம். மறுநாள் நம் சங்கத்து ஜெஸ்ஸியை வீட்டுக்கு வரச் சொன்னேன். அதே செட், அதே மைக், குமிழ்களையும் தொடவில்லை. அவனைக் கூப்பிட்டு ஜெஸ்ஸி பேசினாள். இப்ப தெளிவா இருக்குக்கா, ஒரு வார்த்தை விடலை என்றான் பழனிக்குமார். நான் பேசினேன். ஐயா வந்துட்டாகளா என்றான். பெட்டியிலிருந்து பழைய கை மைக்கை எடுத்து மாட்டினேன். அதிலும் ஜெஸ்ஸி அக்கா, நான் ஐயா. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அழுகிறாள். எங்களைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கக்கா என்றாள்.

உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கருப்பணன் அண்ணனின் மோட்டார் கட்டுகிற கடைக்குப் போய்விட்டேன். சங்கச் செயலாளர் என்று பெயர், என்னைக் கண்டதும் செம்புக் கம்பியைக் கீழே போட்டுவிட்டு டீ சொல்லப் போனார். டீ வேண்டாம், விஷயத்தைச் சொல்லுங்கள் என்றேன்.

"தப்பா நெனைக்காத அமலி. கிளெமென்ட்தான் சொன்னாப்ல. டாக்டர் குரல் நரம்பு அடிபட்டிருச்சுன்னு அவர்ட்ட சொன்னாராம். தெரிஞ்சா நீ ஒடஞ்சு போயிருவன்னு, மைக் மேல பழியப் போடச் சொன்னாப்ல."

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் அழவில்லை. அதை மட்டும் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது ஒவ்வொன்றாக விளங்கியது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்க என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பங்குச் சாமியாருக்கு வேறு ஆட்கள் வேண்டியவர்களாகிவிட்டார்கள் என்று உங்களிடம் புலம்பினேன், ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யப் போனில் பேசினால் அங்கே எடுக்கிற பெண் சார் என்பாள், டவர் சரியில்லை என்று நினைப்பேன். ஆபரேஷன் ஆன புதிதில் குரல் கம்மியிருந்தது எனக்குத் தெரியாதா? தெரியும். போகப் போகச் சரியாகிவிட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். என் குரல் எனக்கு உள்ளேயிருந்து கேட்கிறது. வெளியே எப்படிக் கேட்கிறது என்று உங்களைக் கேட்காமல் நான் யாரைக் கேட்பேன்?

திங்கட்கிழமை தனியாக மதுரைக்குப் போய் வேறு டாக்டரைப் பார்த்தேன். தொண்டைக்குள் கேமரா விட்டுத் திரையில் காட்டினார். ஒரு பக்கம் அசைகிறது, இன்னொரு பக்கம் அப்படியே நிற்கிறது. ஆபரேஷனில் இப்படிச் சிலருக்கு ஆகும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றார். நானும் ஆபரேஷன் செய்தவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் முதலிலேயே ஏன்மா வரவில்லை, ஆரம்பத்திலேயே பயிற்சி எடுத்திருந்தால் இன்னும் நன்றாகத் திரும்பியிருக்குமே என்று கேட்டார். என்ன பதில் சொல்ல? மைக் தேடிக்கொண்டிருந்தோம் டாக்டர் என்றா?

இனி ஊசி ஒன்று போட்டுப் பயிற்சியும் எடுத்தால் ஓரளவு வரும், பழைய குரல் வரும் என்று சத்தியம் பண்ண முடியாது என்றார். எவ்வளவு நேரடியாகச் சொன்னார் தெரியுமா? நான் உடைந்து போகவில்லை. பேருந்து நிலையத்தில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

நரம்பு போனதற்கு நீங்கள் பொறுப்பில்லை. இத்தனை மாதங்களை என் கையிலிருந்து பிடுங்கினீர்களே, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. என்னால் தாங்க முடியாது என்று நீங்களாக முடிவு செய்தீர்கள். ஊரையே கூட்டிவைத்து என்னை ஏமாற்றினீர்கள். நான் மாடியில் உட்கார்ந்து ஹலோ டெஸ்ட், ஹலோ டெஸ்ட் என்று கத்தும்போது அத்தனை பேரும் எப்படிப் பரிதாபப்பட்டிருப்பார்கள். நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை வழியில் நம் சங்கம் வழக்கம்போல ரேடியோ நிலையங்கள் போடுகிறது. திண்டுக்கல் தலைமை நிலையத்தில் எப்போதும் நான்தான் பேசுவேன். இந்த முறை என்னை எப்படித் தவிர்ப்பது என்று கருப்பணன் அண்ணன் முழித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஜெஸ்ஸியைப் பேச வையுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் அதன் அடையாளம் ஒட்டன்சத்திரம் வரை தெளிவாகப் போய்ச் சேர வேண்டும், என் ரோஷம் அங்கே முக்கியமில்லை. நீங்கள் உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதை முதலிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் அனுப்பிய மைக்குகளை ஜெஸ்ஸியிடம் கொடுத்துவிட்டேன். நல்ல மைக்குகள், குறை சொல்வதற்கில்லை.

வேறு சேதி: போன வாரக் காற்றில் ஆன்டெனா கம்பி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அறுந்து விழுந்தது, நானே ஏறிக் கட்டிவிட்டேன். வத்தலக்குண்டில் உங்கள் அக்காவுக்கு முட்டிவலி, போய்ப் பார்த்து வந்தேன். நீங்கள் பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். இவ்வளவு கோபத்திலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அந்த வத்தலக்குண்டு வீட்டில் உட்கார்ந்து என் முகம் தெரியாமல் ரேடியோவில் குரலை மட்டும் கேட்டு, இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று உங்கள் அப்பாவிடம் நின்றீர்கள். அந்தக் குரல் போய்விட்டது. என்னால் தாங்க முடியாது என்று பயந்து மறைத்தீர்களா, உங்களால் தாங்க முடியவில்லையா? இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. மற்றதெல்லாம் வெறும் கோபம்.

இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ தெரியாது. அதனால் இனி எல்லா ஞாயிறும் காலை ஏழு மணிக்கு, நாற்பது மீட்டர் அலைவரிசையில் நாம் வழக்கமாகப் பேசும் இடத்தில் கூப்பிடுவேன். பழைய கை மைக்கில்தான். சங்கத்து ஆட்கள் கேட்டால் கேட்கட்டும். நீங்கள் காதில் என்ன கேட்கிறதோ அதைச் சொல்லுங்கள். மூன்று என்றால் மூன்று, இரண்டு என்றால் இரண்டு. ஃபைவ் நைன் என்று ஆரம்பித்தீர்களானால் செட்டை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும், உண்மை பேசுகிற நாக்கையும் கொடுக்கட்டும்.

கீழே எல்லாருக்கும் போடுகிற எழுபத்து மூன்றைப் போட்டிருக்கிறேன், வணக்கம் என்பதற்கு. நமக்குள் போட்டுக்கொள்கிற எண்பத்தெட்டு, அன்பும் முத்தமும், இந்தக் கடிதத்தில் இல்லை. அதை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உண்மையைச் சொன்ன பிறகு இந்தக் குரலாலேயே சொல்கிறேன். புரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

73,
அமலி