ஆட்டின் தோள் எலும்பு

என் மனைவிக்கு,

பிந்தோஸ் மலையில் பனி உருகிவிட்டது. உன் அண்ணன் ஸ்தெர்யோஸின் கம்பளிக் கோட்டை அனுப்பியிருக்கிறேன். பச்சைத் தண்ணீரில் ஊறவை. சுடுதண்ணீர் பட்டால் கறை போகாது.

ஜெர்மன்காரர்களை எதிர்க்க அவன் படையும் என் படையும் ஒன்றுசேர வேண்டும் என்று நீதானே கெஞ்சினாய். சேர்ந்துவிட்டன. அதற்காக நேற்று ஆடு வெட்டி விருந்து வைத்தேன். தின்று முடித்ததும், நம் வழக்கப்படி, ஆட்டின் தோள் எலும்பை வெயிலில் தூக்கிப் பிடித்து அவன் குறி பார்த்தான்.

"மாப்ளே, விருந்து வெச்சவன் வீட்ல ஒரு சாவு தெரியுது."

"குடிச்சிட்டு உளறாத மச்சான். யாரு தலைவன்னு மொதல்ல முடிவு பண்ணுவோம்."

"நீயே இருந்துக்கோப்பா. சாகப்போறவன்கிட்ட எனக்கென்ன சண்டை?" என்று தன் துப்பாக்கியைக் கழற்றி என் மடியில் வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

அவன் ஆட்கள் இப்போது எனக்குத்தான் சல்யூட் வைக்கிறார்கள். அவனை ஜெர்மன்காரர்கள் சுட்டுவிட்டதாக உன் அம்மாவிடம் சொல்.

எலும்பு பொய் சொல்லவில்லை. என் மைத்துனனும் என் வீட்டில் ஒருவன்தான் என்பதை அவன் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

உனக்கு மிச்சமிருக்கும் ஒரே துணை,
உன் கணவன்