நிறுத்தி வைத்த ஜர்னல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்தாதே. போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் எதையும் டிஸ்க்கில் எழுதுமுன், என்ன எழுதப்போகிறது என்று ‘ஜர்னல்’ என்ற குறிப்பேட்டில் குறித்துக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனால், அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில், வேகத்துக்காக நான்தான் அதை நிறுத்தி வைத்தேன். நேற்று கரண்ட் போனது. டிஸ்க் குழம்பி, ஆஸ்பத்திரியின் இரண்டு நாள் ரத்தப் பரிசோதனை முடிவுகள் அழிந்தன.

“பெரிய மேதாவி! நோயாளிங்ககிட்ட நீயே சொல்லு” என்றார் மேனேஜர். ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுகிறேன். “மறுபடியும் குத்தணுமாப்பா?” என்றாள் ஓர் அம்மா.

தனியாகத் தாங்க முடியவில்லை. கடிதம் கிடைத்ததும் போன் செய். “ஒண்ணுமில்லம்மா” என்று நான் மழுப்பினால், இதை எனக்கே படித்துக் காட்டு.

மேனேஜர் கூப்பிடுகிறார்.

உன் மகன்