கப்பல் திரும்பிய பதினோரு நாள்

அன்பு ஃபாயிஸ்,

நாம் சேர்ந்து வாசித்த நாவல் தொடரின் மூன்றாம் பாகத்தில் அரசியின் கப்பல் தீவுக்கு நான்கு நாளில் போய், திரும்பிவரப் பதினோரு நாள் எடுத்தது. டிராகன் பறப்பதை நம்பிய நான் இதை நம்பவில்லை. புத்தகத்து வரைபடத்தை அளவுகோலால் அளந்து, ஆசிரியரின் பிழை என்றேன். "கடலு ரோடு இல்ல மக்கா" என்றாய். "வல வலிக்கியவனுக்குக் கத எங்க புரியும்?" என்று, மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் உன்னைப் பார்த்து, வாசகர் கூட்டத்தில் எல்லார் முன்பும் கேட்டேன். அதன்பிறகு இரண்டு வருடம் நாம் பேசவில்லை.

சென்ற வாரம் மீனவன் மரியானின் வள்ளத்தில் குளச்சலிலிருந்து முட்டம் போனேன். போக நாற்பது நிமிடம். திரும்பும்போது காற்றும் நீரோட்டமும் எதிர்த்தன. ஒன்றரை மணி நேரம், இரண்டு வாந்தி.

"ஏலே, ஸ்கேல வச்சுக் கடல அளந்த ஆளு நீதானா?" என்றான் மரியான். துறைமுகம் முழுக்கத் தெரிந்திருக்கிறது! வாயைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது பெரிய தப்பு.

கடைசிப் பாகம் வந்துவிட்டது. முதல் அத்தியாயத்திலேயே அலையில்லாத கடலில் ஒரு கப்பல் கவிழ்கிறது. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. வேறு யாரிடமும் கேட்கவும் மனமில்லை. ஞாயிறு மாலை புத்தகத்தோடு வருகிறேன். முதலில் திட்டு, பிறகு சொல்.

இப்படிக்கு,
உன் வாசல்வரை மூன்று முறை வந்து திரும்பியவன்