சும்மா இருப்பவள்

மார்ச் 3, செவ்வாய்
அப்பாவுக்குச் சவரம். பக்கவாதம் தொடாத வலது கன்னம் ஒத்துழைக்கிறது. இடது கன்னம் கத்தியோடு கூடவே வருகிறது.
பெரியம்மா போனில்: "வீட்ல சும்மாதானே இருக்க, ஏதாவது பரீட்சை எழுதலாமில்ல?"
ஏழு மாதமாகச் சும்மா இருக்கிறேன். முதுகு ஏன் வலிக்கிறதோ.

மார்ச் 8, ஞாயிறு
அண்ணன் விஜயம். இரண்டு கிலோ ஆரஞ்சு. அப்பாவால் விழுங்க முடியாது என்று எத்தனை முறை சொன்னாலும் அவனுக்கு அது வதந்திதான். அப்பாவின் கையைப் பிடித்துக் கண்கலங்கினான்; அண்ணி படமெடுத்தாள். குடும்பக் குழுவில் நாற்பத்தொரு இதயங்கள். படத்தின் ஓரத்தில், மூத்திரப் பையோடு, என் முழங்கை.

மார்ச் 9
படத்தில் முழங்கை நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு
பாதியில் நிற்கும் என் முனைவர் பட்ட ஆய்வை விடுவதாகப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். அப்பாவை அண்ணனிடம் ஒரு மணி நேரம் விட்டேன். தண்ணீரில் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். சொல்லிவிட்டுத்தான் போனேன்.
திரும்பி வந்தால் இருமல். பொடி கலக்காத வெறும் தண்ணீரைக் கொடுத்திருக்கிறான், முழு டம்ளர் காலி.
"பாவம்டி, நீ தர்றது பசை மாதிரி இருக்கு. மனுஷன் குடிப்பானா?"
பாசம். ஒரு டம்ளர் நிறைய.

மார்ச் 17, செவ்வாய்
காய்ச்சல். ஆஸ்பத்திரி. நுரையீரலில் சளி. யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். "குடும்பமா பாத்துக்கறோம் சார்," என்றான் அண்ணன். என்னென்ன மாத்திரை என்றதும் குடும்பம் மின்விசிறியைப் பார்த்தது. ஏழு மாத்திரையையும் நான் சொன்னேன்.
படிவத்தில் என் தொழில்: இல்லை என்று எழுதினேன். நர்ஸ் அதை அடித்தாள்.
"பராமரிப்பாளர்னு எழுது. இவ்வளவும் பண்ணிட்டு இல்லைன்னு எழுதறியே, யாருக்கு உபகாரம்?"

மார்ச் 18
பராமரிப்பாளர். அரசாங்கக் கடிதங்களில் மட்டும் உயிர்வாழும் சொல். நாலு முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.
என் ஆய்வுத் தலைப்பு: ஊதியமற்ற வீட்டுழைப்பு. அத்தனை பக்கம் எழுதியும் அது வேறு யாரையோ பற்றியது என்றே இருந்திருக்கிறேன். மேதை.
கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை.

மார்ச் 25, புதன்
அப்பா இன்னும் வார்டில். பராமரிப்பவர்களுக்கு அங்கேயே கூட்டம் உண்டு, போய்வா என்றாள் நர்ஸ். கீழ்த்தளம், பிளாஸ்டிக் நாற்காலிகள், அழுதால் துடைக்க ஒரு பெட்டி டிஷ்யூ. சிரிக்கத்தான் போனேன்.
மறதி நோய் வந்த மனைவியைப் பார்த்துக்கொள்ளும் பஸ் டிரைவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "உங்களுக்கு மாத்தாள் யாரும்மா?"
யாரும் இல்லை என்றேன்.
"எங்க டிப்போல மாத்தாள் வரலன்னா வண்டி எடுக்க மாட்டோம். தூங்கி விழுந்தா அடிபடறது நாம மட்டும் இல்லையே. நீங்க கேட்டீங்களா?"
கேட்டேனா? ஏழு மாதமாக எல்லோரையும் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரையும் கேட்கவில்லை. அதில் எனக்கு ஒரு சொகுசு இருந்திருக்கிறது — ச்சே.

மார்ச் 29, ஞாயிறு
அப்பா வீடு திரும்பினார். அண்ணனிடம் சொன்னேன்: சனிக்கிழமை, பத்திலிருந்து நாலு வரை, நீ. நர்ஸ் சொல்லித்தருவாள்.
"எனக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் லீவு."
"எனக்கு?"
அவன் அண்ணியைப் பார்த்தான். அவளை நான் குறைவாக எடைபோட்டிருந்தேன். "வருவார்," என்றாள், போனிலிருந்து தலை நிமிராமல்.

மார்ச் 30
கடிதத்தைக் கிழித்தேன். குப்பைத்தொட்டி வரை நடந்து போய், முறையாக.

ஏப்ரல் 11, சனி
நூலகம். அண்ணன் மூன்று முறை அழைத்தான். மூன்றாவது, ஈரப் போர்வையைத் தனியாளாக எப்படி உருவுவது என்று. சொன்னேன். செய்து முடித்துவிட்டு, போனை வைக்காமல் மூச்சு வாங்கினான்.
"தினமும் இப்டியா?"
போனை வைத்தேன். ஒன்றேகால் பக்கம் எழுதினேன், மோசமான பக்கம். மணி நாலு அடித்தது.
நாலேகாலுக்குத்தான் எழுந்தேன்.