காலில் தெரிந்த புள்ளிகள்

அன்புள்ள அண்ணிக்கு,

நேரில் சொல்ல வாய் வராது. அதனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே எழுதுகிறேன்.

கொரோனா தடுப்பூசி போட்ட மறுநாள் வந்த காய்ச்சல் போய்விட்டது. அடுத்த வாரம் தலை வெடிப்பதுபோல் வலித்தும், தையல் கடையில் யாரிடமும் சொல்லாமல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். காலில் இருந்த சிவப்புப் புள்ளிகளை நீங்கள்தான் கவனித்தீர்கள்.

"கொசுவுக்குக்கூட உன்னைத்தான் பிடிச்சிருக்கா?" என்று சிரித்தபடி விரலால் அழுத்தினீர்கள். கொசுக்கடித் தடிப்பென்றால் அழுத்தினதும் சிவப்பு மங்கியிருக்கும்; இந்தப் புள்ளி மறையவில்லை. உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

"செருப்பைப் போடுடி, கிளம்பு!"

தலைக்குள் இரத்தம் உறைந்திருந்ததாம்; காலில் வந்த புள்ளிகளும் அதே கோளாறின் அறிகுறியாம். மிக அபூர்வமாக ஊசியால் இப்படி வருமாம், நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார் டாக்டர். இன்று வலி இல்லை.

என்னைப் பார்த்துப் பயந்து உங்கள் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். போட்ட பிறகு தினமும் உங்கள் காலை நான் பார்க்கிறேன். ஏதாவது தெரிந்தால் கத்தி ஊரைக் கூட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாப் பூச்சி