சனிக்கிழமைக்கு நான் போட்ட கையெழுத்து

அனுப்புநர்:
எஸ். ஜமாலுதீன், லாரி டிரைவர்,
த/பெ சையது மீரான்,
லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் வழி,
தென்னாற்காடு ஜில்லா.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் அவர்கள்,
தென்னாற்காடு ஜில்லா, கடலூர்.

பொருள்: கடலூர் முதுநகர் தென்பெண்ணை லாரி டிரான்ஸ்போர்ட் கம்பெனி என் டிரைவிங் லைசென்சைத் தர மறுப்பது, பிரேக் இல்லாத வண்டியால் காத்தவராயன் என்பவர் கால் இழந்த பழியை என் மேல் போடுவது, கம்பெனியின் வண்டிச் சோதனை ஏட்டை உடனே கைப்பற்றக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கம்பெனியில் நான் ஏழு வருஷமாக டிரைவர். கம்பெனிக்கு நாற்பத்திரண்டு லாரிகள் இருக்கின்றன. முதுநகர் துறைமுகத்தில் இறங்கும் உர மூட்டைகளைச் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. இந்த ஏழு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட நான் அடித்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்போது கம்பெனி என்னைப் பற்றி எழுதியிருப்பதைத் தாங்கள் படிக்க நேர்ந்தால், இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2. கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும் அன்றே டிரைவர் தன் லைசென்சை மானேஜரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அது ஆபீஸ் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். பதிலுக்கு, 'இவருடைய லைசென்ஸ் எங்கள் வசம் உள்ளது' என்று ஒரு சீட்டு எழுதி, கம்பெனி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். வழியில் யார் நிறுத்தினாலும் அந்தச் சீட்டைத்தான் காட்ட வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வாங்குவதாகச் சொல்வார்கள். பெட்டிக்குள் இருப்பது எங்கள் லைசென்ஸ் அல்ல, எங்கள் குடுமி என்பது வேலையை விட்டுப் போக நினைத்தவனுக்குத்தான் தெரியும். அப்படிக் கொடுத்தது என் முதல் முட்டாள்தனம்.

3. இரண்டாவது முட்டாள்தனத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். கம்பெனியில் 'வண்டிச் சோதனை ஏடு' என்று ஒன்று இருக்கிறது. டிரைவர் தினமும் காலையில் வண்டியைச் சுற்றிப் பார்த்து, பிரேக், விளக்கு, டயர் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று அந்தந்தத் தேதிக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் பாதி நாள் நாங்கள் வெளியூரில் இருப்போம். அதனால் ஷெட் போர்மேன் தில்லைநாதன் திங்கட்கிழமை காலையிலேயே எங்களை வரிசையாக நிற்க வைத்து, அந்த வாரத்து ஆறு நாளுக்கும் ஆறு கையெழுத்து வாங்கிவிடுவார். திங்கட்கிழமை டீ குடிக்கும் முன்னால் சனிக்கிழமைப் பிரேக்குக்கு நான் ஜவாப்தாரி ஆகிவிடுவேன். ஏழு வருஷமாக நானும் இதைச் செய்திருக்கிறேன். எழுத்துத் தெரிந்தவன் செய்யத் தகாத காரியம். வெட்கப்படுகிறேன்.

4. எனக்குக் கொடுத்திருந்தது கம்பெனியின் பதினேழாம் நம்பர் வண்டி. கால் பிரேக்கை நான்கு தரம் மிதித்தால் ஐந்தாம் தரம் பிடிக்கும். கை பிரேக்கின் கம்பி மட்டும் இருந்தது. அதில் துண்டு உலர்த்தலாம். இப்படிப்பட்ட வண்டிகள் கம்பெனியில் பதினொன்று ஓடுகின்றன. இவற்றைப் பழுது பார்ப்பதற்குப் பதிலாகக் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் கிளீனரைத் தவிர இன்னொரு ஆளைப் போடுவார்கள். அவருக்குக் 'கட்டை ஆள்' என்று பெயர். பனங்கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு அவர் வண்டியின் பின்புறம் தொற்றிக்கொண்டு வருவார். மேட்டில் வண்டி நின்றால் உடனே குதித்து, பின் சக்கரத்துக்கு அடியில் அந்தக் கட்டையைச் செருக வேண்டும். ஒரு மனிதனையே பிரேக்காக வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு லாரிக்குச் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொள்ள எப்படி மனசு வருகிறதோ தெரியவில்லை.

பிரேக்கைப் பற்றி நான் தில்லைநாதனிடம் எத்தனையோ முறை சொன்னேன். கடைசியாகச் சொன்னது ஆகஸ்டு 29-ஆம் தேதி, திங்கட்கிழமை, கையெழுத்துப் போடும்போதே. அவர் சொன்ன பதில் அப்படியே: "அதான் கட்டை ஆளு குடுத்திருக்கமே, அப்புறம் உனுக்கு பிரேக்கு என்னாத்துக்கு?" வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஆறு கையெழுத்தையும் போட்டேன்.

5. என் வண்டியின் கட்டை ஆள் காத்தவராயன். வயது முப்பத்தெட்டு. பிச்சாவரம் பக்கத்துக்காரர், முன்பு படகு தள்ளியவர். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். கம்பெனி ஆஜர்ப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. கட்டை ஆள் ஒருவர் பெயரும் அதில் கிடையாது. பெயரை எழுதினால் எதற்காக அந்த ஆள் என்றும் எழுத வேண்டியிருக்குமே.

6. செப்டம்பர் 1-ஆம் தேதி, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி இருக்கும். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. நூற்றிருபது உர மூட்டையோடு புவனகிரிப் பாலத்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு வைக்கோல் வண்டி குடை சாய்ந்து பாதையை அடைத்துவிட்டது. நிறுத்தினேன். வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே கத்தினேன். காத்தவராயன் குதித்துக் கட்டையைப் போட்டார். ஈரத் தரையில் கட்டை வழுக்கிவிட்டது. எங்களுக்குப் பின்னால் வயல்வேலை முடிந்து ஐந்து பெண்கள் ஒரு மாட்டு வண்டியில் வந்துகொண்டிருந்தார்கள். காத்தவராயன் விலகி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கட்டையைத் திரும்பவும் இழுத்துப் போட்டு, அது நகராதபடி தன் வலது காலை அதன் மேல் கொடுத்து நின்றார். வண்டி நின்றது. அந்தப் பெண்களுக்கு ஒரு கீறல் இல்லை. அவருடைய கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் அன்றிரவே அதை எடுத்துவிட்டார்கள்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, ஐயா. மனுவில் இதெல்லாம் எழுதக் கூடாது என்று சொன்னார்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

7. அன்று மாலை ஐந்தரை மணிக்குப் போலீசார் என்னைப் பிடித்தார்கள். லைசென்ஸ் கேட்டார்கள். கம்பெனிச் சீட்டைக் காட்டினேன். சீட்டு லைசென்ஸ் ஆகாது என்றார்கள், அது நியாயம்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்தி, சப்ஜெயிலில் வைத்தார்கள். சனிக்கிழமை மாலைதான் என் மைத்துனர் அபுல் ஹசன் ஜாமீன் கொடுத்து என்னை வெளியே கொண்டுவந்தார். இப்போது என் மேல் இரண்டு குற்றம்: கவனக்குறைவாக ஓட்டியது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது. என் லைசென்ஸ் முதுநகரில் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

8. திங்கட்கிழமை, 5-ஆம் தேதி, லைசென்சைக் கேட்டு ஆபீசுக்குப் போனேன். மானேஜர் ராமாமிர்தம் அவர்கள் ஒரு காகிதத்தை நீட்டினார். வண்டியின் பிரேக் நன்றாக இருந்தது, காத்தவராயன் என்பவரைக் கம்பெனிக்குத் தெரியாமல் நானே வழியில் ஏற்றிக்கொண்டேன் என்று அதில் டைப் அடித்திருந்தது. "இதுல ஒரு கையெழுத்த போட்டுட்டு ஒன் லைசென்ச வாங்கிக்கினு போய்க்கினே இரு. போடலன்னா நீ ஜில்லாவுல எங்கியும் ஸ்டீரிங்க தொட முடியாது" என்றார். முடியாது என்றேன்.

அதற்கு அவர் சோதனை ஏட்டை எடுத்து மேஜை மேல் விரித்தார். வியாழக்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்து, "இது யாரு கையெழுத்து?" என்று கேட்டார். என்னுடையதுதான். பதினேழாம் நம்பர் வண்டி, செப்டம்பர் 1, பிரேக் சரி, எஸ். ஜமாலுதீன். அவர் விரலைப் பார்த்தேன். விரலுக்குக் கீழே இன்னும் இரண்டு கட்டம் இருந்தது. செப்டம்பர் 2, வெள்ளிக்கிழமை, பிரேக் சரி, எஸ். ஜமாலுதீன். செப்டம்பர் 3, சனிக்கிழமை, பிரேக் சரி, எஸ். ஜமாலுதீன்.

ஐயா, அந்த இரண்டு நாளும் நான் சர்க்கார் காவலில் இருந்தேன். பதினேழாம் நம்பர் வண்டி போலீஸ் நிலைய வாசலில் நின்றது. பூட்டிய கம்பிக்குள் இருந்துகொண்டு முதுநகர் ஷெட்டில் நிற்காத ஒரு வண்டியை நான் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று கம்பெனியின் ஏடே சொல்கிறது. எப்போதும் அப்படித்தான் நடப்பதால் மானேஜருக்கு அது கண்ணில் படவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்று மாலையே அந்தப் பக்கம் அடுப்புக்குப் போயிருக்கும். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

9. மறுநாள் கம்பெனி ஆள் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடும் மைப் பெட்டியோடும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அதே மாதிரிக் காகிதத்தில் காத்தவராயனிடம் ரேகை கேட்டிருக்கிறார். காத்தவராயன் பெருவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டார். அவர் சொன்னதை அருகில் இருந்த அவருடைய மனைவி பொன்னி எனக்குச் சொன்னார்: "பிரேக்கு இருந்திருந்தா எனுக்கு காலு இருந்திருக்கும். மச்சான மாட்டிவுட்டு நான் எப்படிய்யா ரேக வெப்பேன்? பழத்த எடுத்துக்கினு போ." எழுதப் படிக்கத் தெரியாதவர் மடக்கிய விரலை, எட்டாவது படித்த நான் ஏழு வருஷமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீட்டியிருக்கிறேன். அதனால்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

10. நான் தங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டதற்கும், பிரேக் இல்லை என்று தெரிந்தே ஓட்டியதற்கும் சட்டம் என்ன தண்டனை சொல்கிறதோ அதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தத் தண்டனை எனக்கு மட்டும் போதாது, அந்த ஏட்டை எழுத வைத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. நான் கேட்பது மூன்று.

சோதனை ஏட்டைத் தாங்கள் ஆள் அனுப்பிக் கைப்பற்ற வேண்டும். முதலில் விளக்கம் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டாம்; கடிதம் போய்ச் சேரும் நாளில் அந்த ஏடு இருக்காது. மானேஜர் நாற்காலிக்குப் பின்னால் பச்சை அலமாரி, மேலிருந்து இரண்டாவது தட்டு, சிவப்பு அட்டை. பக்கங்களுக்கு நம்பர் போட்டுத் தைத்திருக்கிறது, ஒன்றைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். அடுத்து, இரும்புப் பெட்டியைத் திறந்து என் லைசென்சை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் எல்லா டிரைவர்களின் லைசென்சுகளையும் அவரவர் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் பயத்தால் இந்த மனுவில் கையெழுத்துப் போடவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த மறு நிமிஷம் பேசுவார்கள். காத்தவராயன் கம்பெனி வேலையில் கால் இழந்தவர் என்பதைக் கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாளை காலை முதல் பஸ்ஸில் வந்து இந்த மனுவை நானே நேரில் தருவேன். நாளை வெள்ளிக்கிழமை; ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தங்கள் ஆபீஸ் வராந்தாவில் நிற்பேன். தாங்கள் அனுப்பும் அதிகாரிக்கு அலமாரியைக் காட்ட ஆள் தேடவேண்டிய அவசியம் இருக்காது. ஏட்டில் இருப்பது வேறொருவர் கையெழுத்து என்று விசாரணையில் யாராவது சொன்னால், கீழே உள்ளதோடு ஒத்துப் பார்க்கலாம். இது பார்த்ததை எழுதி, எழுதியதைப் படித்துப் பார்த்து, இன்றைய தேதிக்கு இன்றே போட்ட கையெழுத்து.

இடம்: சிதம்பரம்
தேதி: 8-9-1966

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கி நிற்கும்,

எஸ். ஜமாலுதீன்

சாட்சி: படித்துக் காட்டக் கேட்டு, சரி என்று சொல்லி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தானே விரலை நீட்டி வைத்தது:
காத்தவராயன், இடது கைப் பெருவிரல் ரேகை.